ஹேண்டில் கனமாகத் திரும்புகிறதா? ஹெட்செட்டைக் கழற்றும் முன் காற்றை அளந்து பாருங்கள்: டிஜிட்டல் கேஜ், ஆறு மாத அனுபவம்

ஆறு மாதமாக என்னிடம் இருக்கும், சைக்கிள் டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் பிரஷர் கேஜைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதை ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் நல்லது கெட்டது பேச முடியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

என் ரோடு பைக்கில் பல வருடமாக 25 மில்லிமீட்டர் டயர்தான். அது தேய்ந்ததும் 28க்கு மாறினேன். முதல் நாளே வண்டி வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வளைவில் திரும்ப நினைத்தால் முன் சக்கரம் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும், திரும்பத் தொடங்கியதும் நான் நினைத்ததைவிட அதிகமாக உள்ளே விழும். நேர் ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஒரே கோட்டில் வண்டியை வைத்திருக்க முடியவில்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்பக்கம் நெளியும். முன்பெல்லாம் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஜெர்ஸியைச் சரிசெய்துகொள்வேன், இப்போது ஒரு கையை எடுக்கவே பயம்.

முதலில் டயர் அகலத்தால் வண்டியின் ஜியாமெட்ரியே மாறிவிட்டதோ என்று நினைத்தேன். டிரெயில் என்று சொல்வார்களே, ஹேண்டில் சுழலும் அச்சை அப்படியே கீழே நீட்டினால் தரையில் படும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெட் ட்யூப் (ஃபிரேமின் முன் குழாய்) கோணம் 73 டிகிரி, ஃபோர்க் ஆஃப்செட் (ஹேண்டில் சுழலும் அச்சிலிருந்து முன் சக்கரத்தின் மையம் தள்ளியிருக்கும் தூரம்) 43 மில்லிமீட்டர் என்றால் 25 டயரோடு டிரெயில் ஏறத்தாழ 58 வருகிறது, 28 டயரோடு 59. ஒரே ஒரு மில்லிமீட்டர். அதில் இப்படி ஒரு மாற்றம் வரவே வராது. டிரெயில்தான் சைக்கிளை நேராக வைத்திருக்கிறது என்பதே முழு உண்மை கிடையாது. டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு ஆய்வுக் குழு 2011-ல் டிரெயிலும் இல்லாமல், சக்கரம் சுழல்வதால் வரும் கைரோ விளைவும் இல்லாமல் ஒரு வண்டியைச் செய்து, அதைத் தள்ளிவிட்டால் தானாகவே நிமிர்ந்து ஓடுகிறது என்று காட்டினார்கள். எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. அதனால் ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு சைக்கிளின் நடத்தையை விளக்கிவிடலாம் என்ற எண்ணத்தை அன்றே விட்டேன்.

அடுத்த சந்தேகம் ஹெட்செட், அதாவது ஹேண்டிலும் ஃபோர்க்கும் ஃபிரேமுக்குள் சுழல உதவும் பேரிங்குகள். கனமாகத் திரும்புகிறது, நேராகப் போக மறுக்கிறது, இரண்டும் ஹெட்செட் இறுகியிருப்பதன் அசல் அறிகுறிகள். சைக்கிள் நேராகப் போவது என்பதே முன் சக்கரம் நம்மைக் கேட்காமல் இடமும் வலமும் நொடிக்கு நொடி திருத்திக்கொள்வதால்தான், பேரிங் இறுகிவிட்டால் அந்தத் திருத்தம் நடக்காது, கையால் நாம்தான் செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் தப்புப் பண்ணினேன். ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு பிணைக்கும் துண்டு) போல்ட் இரண்டையும் தளர்த்தி, மேல் மூடியின் போல்ட்டைக் கால் சுற்று விட்டு, மறுபடி ஸ்டெம்மை இறுக்கி ஓட்டினேன். கனம் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக முன் பிரேக் பிடித்தால் ‘டொக்’ என்று ஒரு இடி வந்தது. ஒரு கோளாறோடு போனவன் இரண்டு கோளாறோடு திரும்பி வந்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் கேஜ் வாங்கினேன். அதுவும் காற்றில் சந்தேகம் வந்து வாங்கியது கிடையாது, புது டயருக்கு முன்னும் பின்னும் தனித்தனி அளவு வைத்துப் பார்க்கலாம் என்ற ஆசைதான். பம்பின் முள் முன் டயருக்கு 68 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காட்டியிருந்தது. கேஜை வைத்தேன், 47. பின் டயர் பம்பில் 72, கேஜில் 51.

புதுக் கருவியை உடனே நம்பக் கூடாது என்று மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தேன். 47, 46.5, 46. வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று போகிறது, அந்த அளவுக்குத்தான் குறைகிறது, தாறுமாறாகக் குதிக்கவில்லை. பிறகு நண்பர் ஒருவரின் பம்பு, இன்னொருவரின் கேஜ் இரண்டோடும் ஒத்துப் பார்த்தேன், மூன்றும் 2 பிஎஸ்ஐக்குள் நின்றன. என் பம்பு மட்டும்தான் 21 அதிகமாகக் காட்டியது. அப்புறம்தான் பம்பைச் சரியாகப் பார்த்தேன். எதிலும் மாட்டாமல் சும்மா நிற்கும்போதே முள் 20க்குப் பக்கத்தில் நிற்கிறது. எப்போதோ ஒரு முறை கீழே விழுந்தது, அன்றிலிருந்து அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். தினமும் கண்ணில் படும் பொருள், மாதக்கணக்கில் கவனிக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் எதையும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பம்பின் முள் சுழியில் நிற்கிறதா என்று இன்றைக்கே ஒரு முறை பாருங்கள்.

பழைய டயரோடு இது ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. 25 டயருக்குப் பம்பில் 95 பார்த்து அடிப்பேன், உண்மையில் 74 இருந்திருக்கும், கொஞ்சம் குறைவுதான் என்றாலும் ஓட்ட முடிகிற அளவு. 28 டயருக்கு அழுத்தம் குறைவாகப் போதும் என்பதால் 68க்கு இறக்கினேன், உண்மை 47க்குப் போய்விட்டது. என் எடை 78 கிலோ. அந்த எடைக்கு 28 டயரில் 47 நிச்சயம் போதாது. பள்ளத்தில் இறங்கும்போது ஓரிரு முறை ரிம் இடிக்கும் சத்தம்கூட வந்தது, அதையும் மோசமான ரோடு என்று தள்ளிவிட்டேன்.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. இவ்வளவு ஒல்லியான டயரில் 47ம் 68ம் விரலுக்குக் கல் மாதிரிதான் இருக்கும். 20ஐயும் 60ஐயும் விரல் பிரித்துச் சொல்லும், அதற்கு மேல் நம்ப முடியாது.

காற்று குறைந்த முன் டயர் ஏன் ஹெட்செட் கோளாறு மாதிரி நடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் பணத்தையும் நேரத்தையும் விடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் டயர் தரையோடு ஒட்டும் பரப்பு நீளமாகிறது. அந்த நீளமான பரப்பைத் தரையில் வைத்துத் திருப்பும்போது ரப்பர் உராய்ந்து எதிர்க்கும், கைக்கு அது பேரிங் இறுகிய மாதிரியே படும். வளைவில் சாயும்போது டயரின் பக்கச் சுவர் முதலில் மடங்கி அப்புறம்தான் வண்டியைத் தாங்குகிறது, நான் சொன்ன அந்தத் தாமதமும் அதன் பிறகு உள்ளே விழுவதும் இதுதான். பின் டயரில் அதே குறை இருந்தால் எழுந்து மிதிக்கும்போது நெளிகிறது, ஹப் பேரிங் போய்விட்டதோ, ஃபிரேம் விரிசல் விட்டதோ என்றுகூடத் தோன்றும். இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி வண்டியை லேசாகச் சாயுங்கள். ஹேண்டில் தானாக அந்தப் பக்கம் விழுந்தால் ஹெட்செட் இறுகவில்லை, கனம் டயரிலிருந்துதான் வருகிறது. பாதியில் தயங்கி நின்றால் ஹெட்செட்டோ, அல்லது உள்ளே போகும் கேபிள் இழுத்துப் பிடிப்பதோ காரணம். நான் இதைச் செய்யாமல் நேராக அல்லன் கீயை எடுத்துவிட்டேன்.

சரி, கேஜுக்கு வருகிறேன். எந்த நிறுவனத்துடையது என்பதைச் சொல்லவில்லை, இந்த வகையில் வருபவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். ஒரு தலை, பிரெஸ்டா வால்வு (ரோடு பைக்கின் ஒல்லி வால்வு), ஷ்ரேடர் வால்வு (மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு) இரண்டுக்கும் பொருந்தும். ஒரு திரை, காற்றை விடும் பொத்தான் ஒன்று, காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி. உள்ளங்கையில் அடங்கும்.

இதன் பெரிய பலம், டயருக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாகக் காட்டுவது. பம்பு அப்படிச் செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பிரெஸ்டா வால்வில் பம்பை மாட்டியதும் முள் சுழியிலேயே நிற்கும், கவனித்திருப்பீர்கள். பம்பின் தலை வால்வு ஊசியை அமுக்குவதில்லை, நாம் அடிக்கும் காற்று உள்ளே இருப்பதைவிட அழுத்தமாகும்போதுதான் வால்வு திறக்கிறது. அதனால் பம்பின் முள் காட்டுவது குழாயில் உள்ள அழுத்தம், முதல் அடி அடிக்கும் வரை டயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நேற்று அடித்த காற்று இன்று எவ்வளவு மிச்சம் என்பதைப் பம்பால் சொல்லவே முடியாது. கேஜ் ஊசியை அமுக்கித் திறந்து படிக்கிறது. இதனால்தான் எனக்கு வேறொரு விஷயமும் பிடிபட்டது: என் முன் ட்யூப் ஒரே இரவில் 6 பிஎஸ்ஐ இழந்தது, பின் ட்யூப் 2தான். ஒரே வகை ட்யூப் இரண்டும். தண்ணீரில் அமுக்கியதில் முன் ட்யூபில் வால்வு அடியில் ஊசி முனை அளவு கசிவு. பஞ்சர் என்று சொல்லும் அளவுக்குப் பெரியது இல்லை, ஆனால் மூன்று நாள் கழித்து ஓட்டினால் முன்பக்கம் கனமாகும், காரணமும் புரியாது.

காற்றை விடும் பொத்தான்தான் நான் அதிகம் பயன்படுத்துவது. வேண்டியதைவிட 4 பிஎஸ்ஐ கூடுதலாக அடித்துவிட்டு, கேஜை வைத்து மெதுவாக இறக்கி, சரியான எண்ணில் நிறுத்திவிடுவேன். இந்த வழியில் முன்னும் பின்னும் 2, 2 ஆக மாற்றி மாற்றி ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து இப்போது முன் 64, பின் 68 என்று வைத்திருக்கிறேன். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் எடை, டயர் அகலம், ரோடு மூன்றையும் பொறுத்தது. ஃபிராங்க் பெர்ட்டோ என்பவர் டயர்களை அளந்து, ஆள் ஏறியதும் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்கினால் நல்லது என்று ஒரு கணக்கைச் சொல்லியிருந்தார், தொடங்குவதற்கு அது நல்ல இடம். முன் சக்கரத்தில் எடை குறைவு என்பதால் அங்கே அழுத்தமும் குறைவாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்) என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதற்கு மேல் ஏற்றக் கூடாது. டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட எல்லைகளில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். நிழலில் 65 வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தி டயர் 20 டிகிரி சூடானால் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ ஏறிவிடும். ஓட்டி முடித்த சூட்டோடு அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை விட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த டயரில், எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

குறைகள். தலையைச் சாய்த்து வைத்தால் காற்று சீறி வெளியே போகும், நேராக ஒரே அழுத்தாக வைக்கப் பழக ஒரு வாரம் ஆனது. எடுக்கும்போது கோணலாக இழுத்தால் பிரெஸ்டாவின் மெல்லிய ஊசி வளைந்துவிடும், ஒரு ட்யூபில் அப்படி வளைத்திருக்கிறேன். ஆழமான ரிம்மில் வால்வு வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது, எக்ஸ்டென்ஷன் போட்டால் சில வகையில் ஊசியை அமுக்கவே முடியாது, அங்கே இந்தக் கருவியால் பயனில்லை. சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் பால் போன்ற திரவம்) ஊற்றிய ட்யூப்லெஸ் டயரில் வால்வை மேல்பக்கம் கொண்டுவந்து, சீலண்ட் கீழே இறங்கும்வரை சற்றுப் பொறுத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் உள்ளே ஏறிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். திரையில் விளக்கு இல்லை, விடியற்காலை இருட்டில் கிளம்புகிறவர்களுக்கு அது தொந்தரவு. திரை 0.5 வரை காட்டுகிறது என்பதற்காக அந்த 0.5 வரை உண்மை என்று நினைத்துவிடவும் வேண்டாம். எனக்குத் துல்லியத்தைவிட ஒரே டயருக்கு ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவது பெரிது, அதை இது செய்கிறது.

காற்றைச் சரிசெய்ததும் கனம் போனது, தாமதம் போனது, நெளிவும் போனது. அப்போதுதான் மிச்சம் இருந்தவை வெளியே தெரிந்தன. முதலாவது, நானே உண்டாக்கிய அந்த ‘டொக்’. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்செட்டின் மேல் மூடியும் ஃபிரேமும் சேரும் இடத்தில் விரலை வைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் விரலுக்குத் தெரியும். பிரேக் பேடிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதால் ஏமாறலாம், ஹேண்டிலை 90 டிகிரி திருப்பி வைத்து ஆட்டிப் பார்த்தால் பிரேக்கின் பங்கு போய்விடும். ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்தி, மேல் போல்ட்டை ஆட்டம் போகும்வரை மட்டும் இறுக்கி, ஸ்டெம்மில் எழுதியிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடித்தேன். மேல் போல்ட்டின் வேலை ஆட்டத்தை எடுப்பது மட்டும்தான், ஃபோர்க்கைப் பிடித்திருப்பது ஸ்டெம் போல்ட். ஸ்டெம்மைத் தளர்த்தாமல் மேல் போல்ட்டை மட்டும் திருகுவது வீண் வேலை.

இரண்டாவது, சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேர் நடுவில் ஒரு சின்ன ‘நச்’. பேரிங்கில் பள்ளம் விழுந்துவிட்டது. கையை விட்டால் வண்டி நடுவில் மாட்டி, விடுபட்டு, மறுபடி மாட்டியது இதனால்தான். குழியில் விழுந்து விழுந்து குண்டுகள் தடம் பதித்துவிடுகின்றன என்று பலரும் சொல்வார்கள். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் அதை மறுத்து, ஃபோர்க் நுண்ணளவில் வளைந்து கொடுக்கும்போது ஒரே இடத்தில் குண்டுகள் உரசி உரசி, கிரீஸ் விலகி, உலோகம் தேய்ந்து வரும் பள்ளம் அது என்று விளக்கினார். நேராக ஓட்டும் நேரம்தான் அதிகம் என்பதால் பள்ளம் நடுவில் விழுகிறது, எனக்கு அந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. கீழ் பேரிங்கை மாற்றியதும் சரியானது. வாங்கும்போது பேரிங்கின் மேலேயே பொறித்திருக்கும் கோணத்தைப் பாருங்கள், 45/45 என்று ஒன்று, 36/45 என்று ஒன்று, மாற்றிப் போட்டால் உட்காராது.

கேஜால் கண்டுபிடிக்க முடியாதவையும் நிறைய உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். சீராக ஒரு துடிப்பு வந்தால் அது எதோடு சேர்ந்து துடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும், 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு நான்கு சுற்று. நொடிக்கு நான்கு முறை தட்டினால் சக்கரம்தான்: டயர் ரிம்மில் ஒரு இடத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம், டயர் உப்பியிருக்கலாம், சக்கரத்தில் கோட்டம் இருக்கலாம். பெடல் நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் நொடிக்கு ஒன்றரை. மிதிப்பதை நிறுத்தியதும் துடிப்பும் நின்றால் சக்கரத்தை விட்டுவிட்டு க்ராங்க், பெடல், செயின் பக்கம் போங்கள். கையை விட்டதும் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் சக்கரம் ஃபோர்க்கில் கோணலாக மாட்டியிருக்கிறதா, ரிம் நடுவில் இருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள், முன் சக்கரத்தை இடம் வலம் மாற்றி மாட்டி இழுக்கும் பக்கமும் மாறினால் தவறு சக்கரத்தில். பிரேக் போட்டால் மட்டும் உதறினால் ஹெட்செட் ஆட்டம், அல்லது ரிம் அல்லது டிஸ்க்.

இறக்கத்தில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் தானாகவே இடம் வலம் என்று அதிரத் தொடங்கினால் ஹேண்டிலை இறுகப் பிடிக்காதீர்கள், அது இன்னும் கூடும். இரண்டு முழங்காலையும் மேல் ட்யூபில் ஒட்டி அழுத்துங்கள், இருக்கையிலிருந்து எடையைக் கொஞ்சம் எடுங்கள், மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். வீட்டுக்கு வந்து ஹெட்செட், ஹப் ஆட்டம், ஸ்போக் இறுக்கம் எல்லாம் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அதிர்வு வருவதுண்டு, ஃபிரேமும் ஓட்டுபவரின் உடலும் சேர்ந்து அதிரும் தன்மை அது. கார்பன் ஃபோர்க்கில் புதிதாக வளைந்து கொடுப்பது போலவோ, இடத்தைக் கண்டுபிடிக்க முடியாத கிறீச் சத்தமோ வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் ஓட்டிப் பார்த்துச் செய்யாதீர்கள். ஸ்டெம்மைக் கழற்றி ஸ்டீரர் ட்யூபில் (ஃபிரேமுக்குள் போகும் ஃபோர்க்கின் மேல் குழாய்) விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வரை வண்டி நிற்கட்டும்.

யார் வாங்கலாம்? 28 அல்லது அதற்கு மேல் அகலமான டயர் ஓட்டுகிறவர்கள், ட்யூப்லெஸ் ஓட்டுகிறவர்கள், வெவ்வேறு பம்பில் காற்று அடிக்கிறவர்கள் எல்லோரும் தாராளமாக வாங்கலாம். அகலம் கூடக் கூட, 5 பிஎஸ்ஐ வித்தியாசம் கைக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. முள் சுழியில் நிற்கும் நல்ல பம்பு ஒன்று வீட்டில் இருந்து, எப்போதும் அதில்தான் அடிக்கிறீர்கள், வண்டியும் உங்களுக்குப் பிடித்த மாதிரி ஓடுகிறது என்றால் இது தேவையில்லை. பம்பு கொஞ்சம் கூடக் குறையக் காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி காட்டினால் அந்த எண்ணை வைத்தே ஓட்டலாம். ஆறு மாதத்தில் பேட்டரி இன்னும் மாற்றவில்லை. தலைக்குள் இருக்கும் ரப்பர் வாஷரில் லேசாகத் தேய்மானம் தெரிகிறது, அது மட்டும் தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள்.